அஞ்சாவது குழி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஆளு யாரும் வரமாட்டாங்க, சும்மா துண்டைப் போட்டு எடம் புடிச்சு வெச்சிருந்தேன். அந்தத் தண்ணிக் கேனு ரெண்டும் உங்களுதுங்களா? சீட்டுக்கடியில தள்ளிக்குங்க. இந்த டிரைவர் பிரேக்கு போட்டான்னா கேனு உருண்டு போயி கண்டக்டர் காலை ஒடிச்சுப்போடும். ஆமா, அப்பிடித்தான்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்ற மேல வாசம் ஏதாச்சும் அடிக்குதுங்களா? டீசல் வாசம்? அடிக்கலையா? நெசமாலுமா? இல்லீங்க, என்ற சம்சாரம் அடிக்குதுங்கறா. நான் ரிக்கு வண்டியைத் தொட்டு எட்டு மாசமாச்சு. தெனமும் ரெண்டு வேளை குளிக்கறேன். இன்னமும் கையில அடிக்குதுங்கறா. பொம்பளைக மூக்கே தனி.

என்ற பேரு அர்த்தநாரிங்க. திருச்செங்கோடு. எங்கூர்ல ஊட்டுக்கு ஒருத்தன் போர் போடற ரிக்கு வண்டியில போயிருப்பான். நானும் முப்பது வருசம் போனேன். ஆந்திரா, ஒரிசா, மத்தியப் பிரதேசம்னு நான் ஓட்டை போடாத பூமி இல்லை. லீவர்ல கைய வெச்சா, அடியில போறது களிமண்ணா, சுக்கான் கல்லா, பாறையான்னு கை சொல்லும். பெருமைக்குச் சொல்லலை. நீங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்பக் கேட்டா சொல்ல மாட்டாங்க, அது வேற கதை.

அந்தக் கதைதான் சொல்ல வந்தேன். நல்லசிவம்னு ஒருத்தன். பேரைப் பாருங்க, நல்ல சிவமாம்! காரமேட்டுப்புதூர்ல மெயின் ரோட்டு மேல பெட்ரோல் பங்கு வெச்சிருக்கறான். இந்த பஸ்ஸு அது வழியாத்தான் போகும், வரும்போது காட்டறேன். நான் சொல்லப் போறது முச்சூடும் அவனைப் பத்தித்தான். என்னைப் பத்தி இல்லீங்க. நான் என்னத்தைப் பண்ணினேன்?

ஒம்பது வருசத்துக்கு முந்தி எனக்கும் என்ற மச்சினன் சென்னியப்பனுக்கும் சேர்ந்து சொந்தமா ஒரு ரிக்கு வண்டி இருந்துச்சு. ஒரிசாவுக்குக் கெளம்பற அன்னைக்கு அவன் பங்குலதான் டேங்கை ரொப்பினோம். ஆத்தூர் தாண்டலைங்க, இஞ்சினு இருமுது, செருமுது, நின்னே போச்சு. டேங்கைத் தொறந்து பார்த்தா டீசல்ல பாதி தண்ணி. ஒரு பாட்டல்ல புடிச்சேன். அடியில தண்ணி தனியா நிக்குது, மேல டீசல் தனியா நிக்குது. பச்சைக் கொழந்தைகூடச் சொல்லிப்போடும். அதை எடுத்துக்கிட்டு மறுநாள் விடியக்கால நானும் சென்னியப்பனும் நேரா அவன்கிட்ட வந்தோம். மேசை மேல வெச்சேன். "இது என்னங்க நாயம்?"னு கேட்டேன். சத்தமாக்கூடக் கேக்கலை.

அவன் பாட்டலைப் பார்க்கவே இல்லைங்க தம்பி. என்ற மூஞ்சியைப் பார்த்தான். மேனேஜரைக் கூப்புட்டான். "யோவ், இந்தாளை வாயை ஊதச் சொல்லி மோந்து பாரு. காலங்காத்தால ஏத்திக்கிட்டு வந்து நிக்கறான்"னான்.

நான் குடிக்க மாட்டனுங்க. ரிக்கு வண்டியில இருந்துக்கிட்டு குடிக்காதவன்னா என்னையத்தான் காட்டுவாங்க. வண்டிக்குப் பெட்ரோல் போட நின்ன இருவது பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த மேனேஜர் கிட்ட வந்தான், எட்டி மோந்தான். மோந்துட்டு மொதலாளி மூஞ்சியைப் பார்த்தான். பார்த்துட்டு, "ஆமாங்கய்யா, அடிக்குது"ன்னான். அம்புட்டு சனமும் சிரிச்சுதுங்க. ஊட்டுக்குத் திரும்பறப்போ சென்னியப்பன், என்ற கூடவே ராத்திரி பகலா இருந்தவன், மெதுவாக் கேக்கறான்: "நெசமாலுமே குடிச்சிருந்தீங்களா மச்சான்?"

இஞ்சினு பாழாகி, கடன்ல வண்டி கைய விட்டுப் போனதுகூட எனக்கு ஆறிப் போச்சு. இது ஆறலை. அன்னைக்கே சொன்னேன். இவனை இதே எடத்துல, நாலு பேரு பார்க்க, நான் மோக்க வெக்கோணும். வெக்காட்டி நான் அர்த்தநாரி இல்லை. அதுக்கப்புறம் ஒம்பது வருசம் அந்தப் பங்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. பஸ்ஸுல போனாக்கூட இந்தப் பக்கத்து சீட்டுலதான் உக்காருவேன், அது அந்தப் பக்கம் வரும்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? சரி.

பொறவு கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்தேன். மண்ணு டெஸ்ட் எடுக்கற கம்பெனி. பாலம் கட்டறதுக்கு, மில்லு கட்டறதுக்கு குழி போட்டு மண்ணெடுத்துக் குடுப்போம். அப்பிடியே புதுசா ஒரு சோலி வந்துச்சு. பங்குல பூமிக்கடியில டேங்கு இருக்குதுங்களா, அது ஓட்டையாகி எண்ணெய் ஒழுகுதான்னு, சுத்திலும் குழி போட்டு மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்பறது. போன மாசி மாசம், காலையில ஆபீஸ்ல எடம் எழுதின தாளைக் கைல குடுக்கறாங்க. படிக்கறேன். காரமேட்டுப்புதூர். நல்லசிவம் பங்கு.

எனக்கு ஒடம்பு முச்சூடும் புல்லரிச்சுப் போச்சுங்க. சாமி நேர்ல வந்து சாவியைக் கைல குடுத்த மாதிரி இருந்துச்சு.

விசயம் என்னன்னா, அவன் பங்குக்குப் பொறவால வடக்கு வீதின்னு ஒரு வீதி. அங்க ஆறு கெணத்துல பெட்ரோல் வாசம். பாவாயின்னு ஒரு அம்மா, நாலு கறவை மாடு வெச்சுப் பொழைக்கறவ, ரெண்டு வருசமா மனு மேல மனு எழுதிப் போட்டு, ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, கடைசியா ஏழு குழி போட்டுப் பார்க்கச் சொல்லி உத்தரவு வாங்கிப்போட்டா. ஏழு குழி. ரெண்டு நாள் வேலை. ஒழுகறது உறுதியானா பங்கைப் பூட்டிப்போடுவாங்க, டேங்கைத் தோண்டுவாங்க, வீதிக்கு நல்ல தண்ணிக் குழாய் போட்டுக் குடுக்கோணும். அந்தம்மா எங்க வண்டி வந்து நின்னதுமே மோர் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்தா. "பக்கத்து ஊர்த் தண்ணியில கரைச்சதுங்ணா, பயப்படாமக் குடிங்க"ன்னா. குடிச்சுட்டு சொம்பைக் குடுக்கறேன், அப்பச் சொல்றா: "ஒண்ணும் கூட்ட வேண்டாங்ணா, கொறைக்க வேண்டாம். அடியில இருக்கறதை இருக்கற மாதிரியே எடுத்துக் குடுங்க. அது போதும் எங்களுக்கு."

நான் சரி சரின்னு தலையாட்டினேன். என்ற கண்ணு எங்க இருந்துச்சு? நல்லசிவம் வர்றான்.

வந்தானுங்க. முடி கொட்டிப் போச்சு, தொப்பை போட்டுருந்துச்சு, மத்தபடி அதே நடை. பூமிக்கடியில பைப்பு எங்கெங்க போகுதுன்னு ஒரு வரைபடத்தைக் கொண்டாந்து மேடத்துக்கிட்டக் குடுத்தான். என்ற முன்னால வந்து நின்னான். ரெண்டு அடி தூரம். என்னையப் பார்த்தான். பார்த்துட்டு, "ஆபரேட்டருங்களா? டீ சாப்புட்டீங்களா?"ன்னான்.

தெரியலைங்க அவனுக்கு! ஒம்பது வருசம் நான் அவனை நெனைச்சுக்கிட்டே படுத்து நெனைச்சுக்கிட்டே எந்திரிச்சிருக்கறேன். அவனுக்கு என்ற மூஞ்சி ஞாபகமே இல்லை. யாரு, எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்குக்கூடத் தோணலை. ஒரு மனுசனை அப்பிடி நடத்திப்போட்டு, அதை மறந்தும் போறதுன்னா அவனெல்லாம் என்ன பிறவி?

மேடம்னு சொன்னேனில்ல, அது ஷைனி மேடம். நாகர்கோயில் புள்ளை. இன்னும் முப்பது ஆகலை. கம்பெனியில அதுதான் எங்க வண்டிக்கு இஞ்சினியர். நல்ல புள்ளைதான், ஆனா சட்டம் பேசும் பாருங்க, கேட்டா காது புளிச்சுப் போகும். வண்டி சைலன்ஸர்ல தீப்பொறி பறக்காத மாதிரி சல்லடை மூடி போடோணும். வண்டிக்கு எர்த்து கம்பி அடிக்கோணும். போனை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு அக்கட்ட வெக்கோணும். தீயணைக்கற சிலிண்டரு ரெண்டு, கைக்கெட்டற தூரத்துல. குழிக்கு மேல ஒரு மிசினைப் புடிச்சுக்கிட்டே இருக்கும், பூமியில இருந்து ஆவி வந்தா அது கீச்சுக் கீச்சுன்னு கத்தும். ஒரு அளவுக்கு மேல கத்துச்சுன்னா இஞ்சினை அணைச்சுப்போட்டு எல்லாரும் தள்ளி நிக்கோணும்.

அதெல்லாம்கூடப் பரவால்லீங்க. மொத அஞ்சடி கையால தோண்டோணும்னுது. எப்பிடி இருக்கும் எனக்கு? ஆயிரம் அடி பாறையை ஒடைச்சவனை, கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்து அஞ்சடி நோண்டச் சொல்லுது. "அண்ணா, பைப்பு, கரண்டு கம்பி எல்லாம் மேல அஞ்சடிக்குள்ளதான் இருக்கும். வரைபடத்தை நம்பக் கூடாது"ன்னுது. ரெண்டாவது குழியில நாலடியில ஒரு கரண்டு கம்பி வந்துச்சுங்க, படத்துல இல்லாதது. வண்டியை நேராப் போட்டிருந்தா நான் இன்னைக்கு உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. அது ஏதோ குருட்டாம்போக்குல வந்தது. அதுக்காக அந்தப் புள்ளை சொல்றதெல்லாம் சரின்னு ஆகிப்போகுமா?

இன்னொண்ணும் சொல்லுச்சு மொத நாள் காலையில. அதை இங்க சொல்லிப்போடறேன், பின்னால வேணும். "அண்ணா, நாம சுத்தமான பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு அழுக்கான பக்கத்துக்குப் போறோம். பால் பாத்திரத்தை மொதல்ல கழுவிட்டு, மீன் சட்டியைக் கடைசியில கழுவுற மாதிரி. இல்லைன்னா அங்க இருக்கற எண்ணெயை நம்ம மண்ணெடுக்கற கொழாயே இங்க கொண்டாந்துரும்"னுது. நானும் கேட்டேன். கேக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்துல நல்லசிவம் அவன் ஆபீஸ் வாசல்ல நாற்காலி போட்டு, காலு மேல காலு போட்டு, ஆரஞ்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தான். அதைப் பார்த்துக்கிட்டு எதைக் கேட்டாலும் மண்டையில ஏறுமா?

மொத குழி போட்டோம். பதினஞ்சு அடி. செம்மண்ணு, வாசமே இல்லை. மிசினு மூச்சு விடலை. ரெண்டாவது, சுத்தம். மூணாவது, சுத்தம். ஒவ்வொரு குழிக்கும் நடுவால மண்ணெடுக்கற கொழாயை சோப்புத் தண்ணியில தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசோணும். கையுறை புதுசு மாத்தோணும். ராடு மரையில கிரீஸ் தடவக் கூடாது, அதுல இருக்கற பெட்ரோல் எண்ணெய் மண்ணுல சேர்ந்துக்குமாம், அதுக்குப் பதிலா தேங்கா எண்ணெய். எடுத்த மண்ணைக் கண்ணாடிப் பாட்டல்ல அடைச்சு ஐஸ் பெட்டியில வெக்கோணும். முடிச்ச குழியைக் களிமண்ணு கலவை ஊத்தி அடைக்கோணும். நாலாவது குழியும் சுத்தம். மறுநாள் மத்தியானம் ஆச்சு. நல்லசிவம் எந்திரிச்சு வந்து, "என்னங்க மேடம், ஒண்ணுமில்லை போலிருக்குதே?"ன்னு சிரிச்சான். "இன்னும் மூணு இருக்குதுங்க சார்"னுது அது.

எனக்கு வயிறு எரியுதுங்க. தப்பிக்கறான். நாலு குழி சுத்தம்னா மீதி மூணும் சுத்தமாத்தானே இருக்கும்? சாமி சாவியைக் குடுத்துட்டு, பூட்டைக் காட்ட மறந்துருச்சேன்னு அழுகையே வந்துருச்சு. சாப்புட ஒக்காந்தேன். எந்திரிச்சுப் போயி, வண்டி டேங்குல ஒரு துணியை நனைச்சேன். டீசல். அஞ்சாவது குழிக்குக் கழுவி வெச்சிருந்த மண்ணெடுக்கற கொழாய் இருக்குதில்ல, அதுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்தேன்.

அட, மொறைக்காதீங்க தம்பி. பொய் சொல்லலையே நான்? ஒழுகுதுங்கறது ஊருக்கே தெரிஞ்ச விசயம். கெணத்துல வாசம் அடிக்குதில்ல? நெசத்துக்கு ஒரு கை குடுத்தேன், அம்புட்டுத்தான். நல்லா நடந்துக்கிட்டு வர்ற மனுசனைப் பின்னால இருந்து லேசாத் தள்ளறதில்லையா?

மேடம் சாப்புட்டுட்டு வந்துச்சு. வந்த புள்ளை சும்மா இருக்குதா? அந்தக் கொழாயை எடுத்து, உள்ள நல்ல தண்ணியை ஊத்தி, கீழ ஒரு பாட்டலை வெச்சுப் புடிச்சு, மூடி போட்டு, சீட்டு ஒட்டி, பெட்டியில வெச்சுருச்சு. எனக்குப் பக்குன்னுது. ஆனா அது ஒண்ணும் கேக்கலை. மறுக்கா ஒருக்கா அலசுது போலிருக்குதுன்னு நானும் விட்டுட்டேன். டீசல் என்ன, தண்ணியில போயிருமா?

குழி போட்டோம். எட்டடியில மண்ணை எடுத்தோம். கொழாயைப் பிரிச்சதும் குப்புன்னு வாசம். அந்த மண்ணை ஒரு கை அள்ளிக்கிட்டு நேரா நடந்தேன். மேடம் "அண்ணா, அண்ணா"ங்குது, நான் நிக்கலை. வடக்கு வீதி சனம் நாங்க கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. பங்குல வண்டிக்காரங்க நிக்கறாங்க. அந்த மேனேஜர்கூட நின்னான். நல்லசிவம் மூக்குக்கு நேரா நீட்டினேன். "மோந்து பாருங்க. நல்லா மோந்து பாருங்க. அடிக்குதா?"ன்னேன்.

அவன் மோந்தானுங்க! எல்லாரும் பார்க்க மோந்தான். ஒருக்கா மோந்தான். என்னையப் பார்த்தான். குனிஞ்சு இன்னொருக்கா மோந்தான். அப்பறம் எங்க ரிக்கு வண்டியை ஒரு பார்வை பார்த்துட்டு, கையைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். பயந்துட்டான்னு நெனைச்சேன். தம்பி, அந்த ஒரு நிமிசத்துக்கு என்ற ஆயுசுல பாதியைக் கேட்டாலும் குடுப்பேன். ஒம்பது வருசத்துப் பாரம் எறங்கிப் போச்சு. நேரா சென்னியப்பனுக்குப் போன் பண்ணிச் சொல்லோணும்போல இருந்துச்சு, போனு டப்பாவுக்குள்ள கெடந்துச்சு.

திரும்பி வந்தா மேடம் தனியாக் கூப்புடுது. மெதுவாக் கேக்குது. "அண்ணா, கெணத்துல வர்றது பெட்ரோல் வாசம். இது டீசல் வாசம். வண்டியில ஹோஸ் ஏதாவது கசியுதா? கசிஞ்சாத் தப்பே இல்லை. சொல்லிட்டீங்கன்னா இதை நோட்ல எழுதிட்டு, இந்தக் குழியை அடைச்சுட்டு, மூணடி தள்ளி இன்னொண்ணு போட்டுக்கலாம். ஒரு மணி நேர வேலைதான்."

என்ற வண்டி கசியுதான்னு என்னையவே கேக்குது! முப்பது வருசத்துல என்ற கையில இருந்த எந்த வண்டியும் ஒரு சொட்டு ஒழுகினதில்லை. "என்ற வண்டி ஒழுகாதுங்க மேடம். ஒழுகறது அவன் டேங்கு"ன்னேன். "நிச்சயமாவா அண்ணா?"ன்னு மறுபடியும் கேட்டுச்சு. "நிச்சயம்"னேன். அது கொஞ்ச நேரம் என்ற கையைப் பார்த்துக்கிட்டே நின்னுது. பொறவு எழுதிக்கிச்சு.

இப்பத்தான் கேளுங்க. ஆறாவது குழி போடறோம். வடக்கு வீதிச் செவுத்துக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவால. கையால நாலடி தோண்டறதுக்குள்ள மிசினு கத்த ஆரம்பிச்சுருச்சு. மேடம் "அணைங்க, அணைங்க"ன்னு சத்தம் போட்டு, எங்களை எல்லாம் காத்தடிக்கற பக்கமாத் தள்ளிக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஆவி அடங்கற வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம். அப்பறம் போட்டோம். பத்தடியில மண்ணு சாம்பல் நெறத்துல வந்துச்சு பாருங்க, கண்ணு எரியுது, தொண்டை எரியுது. சுத்தமான பெட்ரோல். ஏழாவதும் அப்பிடியே. என்ற கை படாத மண்ணுங்க அது. சத்தியமாத் தொடலை. அசலான நெசம், அவ்வளவும் பூமிக்குள்ள எனக்காகக் காத்துக்கிட்டுக் கெடந்திருக்குது. அந்தப் புள்ளைதான் சுத்தமான பக்கத்துல இருந்து வர்றோம், அழுக்கு கடைசியிலதான் வரும்னு சொல்லுச்சே. ஒரு குழி. ஒரே ஒரு குழி நான் பொறுத்திருக்கோணும். ஆனா அந்தப் புள்ளை சொல்றதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?

பாவாயி செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதா. சந்தோசத்துலதான். "ரெண்டு வருசமா எங்களைப் பைத்தியம்னாங்கங்ணா"ன்னா.

லேபுல இருந்து காயிதம் வந்துச்சு. அஞ்சாவது குழி மண்ணுல டீசல். அந்தக் கொழாயைக் கழுவிப் புடிச்ச தண்ணியிலயும் அதே டீசல். கொழாய் பூமிக்குள்ள போறதுக்கு முந்தியே அதுல டீசல் இருந்திருக்குது. மேடம் அதை அப்பிடியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சு. நான் கெஞ்சினேன். "அந்த ஒரு பாட்டலைக் கணக்குல எடுக்காம விட்டுரு அம்மிணி, ஆறும் ஏழும் நெசந்தானே?"ன்னேன். "நெசந்தான் அண்ணா. அதனாலதான் நான் பொய் எழுத முடியாது"ன்னுது. அதுல என்ன அர்த்தம் இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை.

விசாரணை அன்னைக்கு நல்லசிவம் எந்திரிச்சு நின்னான். "நான் இந்த வாசத்துலயே முப்பது வருசம் பொழைச்சவனுங்க. அந்த ஆபரேட்டர் என்ற மூக்குல கொண்டாந்து காட்டினப்பவே கண்டுபுடிச்சுட்டேன், இது டீசல்னு. அந்தப் பக்கம் என்ற டீசல் டேங்கே இல்லை, பெட்ரோல் டேங்குதான். டீசல் இருந்தது அவங்க வண்டியில"ன்னான். நான் காட்டாம இருந்திருந்தா அவனுக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சிருக்காது. ஒரு குழியில கள்ளத்தனம் பண்ணினவங்க மத்த ஆறுலயும் பண்ணியிருக்க மாட்டாங்கங்கறதுக்கு என்ன உறுதின்னு அவன் வக்கீலு கேட்டான். மேடம் என்னென்னவோ எடுத்துச் சொல்லுச்சு. எடுபடலை. ஏழு குழி அறிக்கையையும் ஒதுக்கி வெச்சுட்டாங்க. மறுக்கா குழி போடக் கூடாதுன்னு தடை வாங்கிட்டான். தடை இருந்த மூணு மாசத்துல, பராமரிப்பு வேலைன்னு சொல்லி, அந்தப் பழைய டேங்கையும் பைப்பையும் தோண்டி எடுத்து, நாத்தம் புடிச்ச மண்ணை லாரி லாரியா அள்ளிக் கொட்டிட்டு, புது மணலைப் போட்டு, மேல ஒரு அடிக்குக் கான்கிரீட் போட்டுட்டான். இனி அங்க எங்க குழி போட்டாலும் புது மணல்தான் வரும். கெணத்துக்குள்ள போன பெட்ரோல் மட்டும் எங்கயும் போகலை, அங்கயேதான் இருக்குது.

விசாரணை முடிஞ்ச அன்னைக்கே கம்பெனி என்னைய வேலையை விட்டு அனுப்பிருச்சு. எங்கூர்ல ஒருத்தன்கூட வண்டியில ஏத்த மாட்டேங்கறான். எல்லாம் அந்த மேடம் எழுதினதால வந்தது.

இருங்க, இன்னும் முடியலை. போன மாசம் ஊட்டுக்கு ஒரு பத்திரிகை வருது. புதுப்பிச்ச பங்கு திறப்பு விழா. மேல "திரு. அர்த்தநாரி அவர்கள்"னு பேரு எழுதியிருக்குது. அவன் மூஞ்சியில காறித் துப்பிட்டு வரலாம்னுதான் போனேன். போனா, வாசல்லயே ஓடி வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். மேடையில ஏத்தினான். எல்லாரும் பார்க்க, "இவரு இல்லைன்னா இன்னைக்கு இந்தப் பங்கு இல்லைங்க"ன்னு சொல்லி சரிகைத் துண்டு போத்தினான். சனம் கை தட்டுது, சிரிக்குது. நீங்க வர்றப்போ சீட்டுல போட்டு வெச்சிருந்தனே, இதுதான் அந்தத் துண்டு. துணி நல்லாத்தான் இருக்குது.

காதுக்கிட்டப் போயிச் சொன்னேனுங்க. "ஒம்பது வருசத்துக்கு முந்தி, இதே எடத்துல, என்ற வாயை மோந்து பார்க்கச் சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?"ன்னேன். அவன் நெத்தியைச் சுருக்கி ரோசனை பண்ணினான். நடிக்கலைங்க, நெசமாலுமே ரோசனை பண்ணினான். "அப்பிடியா? எனக்கு ஞாபகம் இல்லீங்களே. இருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க"ன்னான்.

அங்க இருந்து எறங்கி நேரா பாவாயி ஊட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லோணுமில்ல, தப்பு மேடம் மேலதான்னு அந்தம்மாவுக்குப் புரியோணுமில்ல? மாடு கட்டற எடத்துல ஒரே ஒரு மாடுதான் நின்னுது. உக்காருங்கன்னுகூடச் சொல்லலை. உள்ள போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து நீட்டினா. கிட்டக் கொண்டு போறப்பவே குமட்டுது. கெணத்துத் தண்ணி. "குடிங்ணா"ங்கறா. மோரை அந்தத் தண்ணியில கரைக்காத புண்ணியவதி, எனக்கு அதையே குடுக்கறா. நான் கீழ வெச்சுட்டேன். அவ டம்ளரை எடுத்து, செடிக்குக்கூட ஊத்தாம, நடு வீதியில ஊத்திட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திட்டா. ஊடு தேடி வந்த ஆளை நடத்தற மொறையா இது? அவளுக்காகத்தானே நான் அம்புட்டும் பண்ணினேன்?

ஆனா விட மாட்டேன் தம்பி. அவனுக்கு இன்னும் ஒரு ரோசனை வெச்சிருக்கறேன். அதா, பாருங்க பாருங்க, அந்தப் பச்சை விளக்கு எரியுதில்ல, அதுதான் பங்கு. பளபளன்னு பண்ணியிருக்கறான் பாருங்க, திருட்டுப் பய.

எங்க எந்திரிக்கறீங்க? இங்கயா? நீங்க நாமக்கல்லுன்னு நெனைச்சேன். காரமேட்டுப்புதூர்ல யாரு ஊட்டுக்கு? வடக்கு வீதியா?

பாவாயியா? உங்க சொந்த அத்தையா?

இம்புட்டு நேரம் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. நானும் கேக்கலைதான். இருங்க, எறங்காதீங்க, கேனை நான் எடுத்துத் தர்றேன், கனமா இருக்கும். கையை எடுங்க தம்பி, நான் தூக்கித் தர்றேன்னு சொல்றனில்ல. ஏன் இப்பிடிப் புடுங்கறீங்க? சரி. சரி, நீங்களே எடுத்துக்குங்க.

தம்பி, என்ற கையில வாசம் அடிக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க?